வெள்ளோட்டத்துக்கு முந்தைய வேலை: கீல் நகரத்து உல்லாசக் கப்பல்கள்

கட்டுமேடையிலிருந்து நீரில் இறங்கும் உல்லாசக் கப்பல் பாதிக் கப்பல்தான். இரும்புக் கூடு மிதக்கும். அதற்குள் மனிதர் வாழ முடியாது. அதைத் துறைமேடையோரம் கட்டிவைத்து, மின்கம்பி, தண்ணீர்க்குழாய், தச்சுவேலை, சமையற்கட்டு, படகு, நங்கூரம் என எல்லாவற்றையும் ஏற்றி, வெள்ளோட்டம் விட்டு, உரிமையாளரிடம் ஒப்படைக்கும் வரையிலான ஆயத்த வேலை தனித் தொழிலாகவே வளர்ந்தது. சரக்குக் கப்பலில் அறைகள் சில. அலங்காரம் ஏறக்குறைய இல்லை. உல்லாசக் கப்பலில் பணமும் பொறுமையும் கரைவது இங்கேதான். இந்தத் தொழில் உச்சம் தொட்ட காலமும் இடமும் என்று 1928 முதல் 1931 வரையிலான ஜெர்மனியின் கீல் நகரத்தைச் சொல்லலாம்.

அதற்கு முந்தைய தலைமுறைச் செல்வந்தர்களின் கப்பல்கள் நீராவியில் ஓடின. கொதிகலனும் கரிக்கிடங்கும் கப்பலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டன. அலையாட்டம் குறைவாக உணரப்படும் இடம் அது. தங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கப்பலில் கிடையாது. கரி ஏற்றும் நாளில் சன்னல்களையெல்லாம் அடைத்து, பிறகு தளம் முழுவதையும் கழுவியே தீர வேண்டும். ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897இல் அவுக்ஸ்பர்க் நகரில் ஓடிக் காட்டியது. 1912இல் கோபன்ஹேகனில் கட்டிய ‘செலாண்டியா’, டீசலை நம்பிப் பெருங்கடலைக் கடக்கலாம் என்று நிறுவியது. அதே தூரத்துக்கு டீசல் கப்பலுக்குத் தேவையான எரிபொருள் மிகக் குறைவு. எண்ணெயைக் கப்பலின் அடிப்பகுதித் தொட்டிகளில் வைத்துவிடலாம். அது அடிப்பாரமாகவும் உதவும். மிச்சமான இடம் அறைகளாக மாறியது. கூடவே அதிர்வும் இரைச்சலும் வந்தன. அவற்றை அறைகளுக்குள் வரவிடாமல் தடுப்பது அலங்கார வேலையின் புதிய பகுதியாயிற்று.

கீல் நகரின் கெர்மானியாவெர்ஃப்ட் கப்பல் கட்டும் தளம் அப்போது க்ருப் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஜெர்மன் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான யு-1 அங்கே உருவானது. வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு நீர்மூழ்கிகளை மறுத்தபின், டீசலில் தேர்ந்த அந்தக் கைகள் வேறு வேலை தேடின. அமெரிக்கச் செல்வந்தர்கள் அந்த வேலையைக் கொண்டுவந்தனர். 1928இல் வின்சென்ட் ஆஸ்டரின் ‘நூர்மஹால்’, 1929இல் ஜூலியஸ் ஃபோர்ஸ்ட்மனின் 333 அடி நீள ‘ஓரியன்’, அதே ஆண்டில் மேக்ஸ் ஃப்ளைஷ்மனின் ‘ஹைடா’, 1931இல் வில்லியம் கே. வாண்டர்பில்ட்டின் ‘ஆல்வா’ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள் இறங்கின.

ஆயத்த வேலை எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு அதே தளத்தில் 1931இல் முடிந்த ‘ஹுஸ்ஸார்’ சிறந்த சான்று. நான்கு பாய்மரமும் நான்கு டீசல் என்ஜினும் கொண்ட இக்கப்பலை இ.எஃப். ஹட்டன், மார்ஜோரி மெரிவெதர் போஸ்ட் தம்பதிக்காக நியூயார்க்கின் காக்ஸ் அண்ட் ஸ்டீவன்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. உள்ளலங்காரத்தைப் போஸ்ட் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். புரூக்ளினில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, அறைகளின் எல்லைகளை அசல் அளவிலேயே தரையில் வரையச் செய்தார். வாங்கிய பழங்காலக் கட்டிலும் நாற்காலியும் அந்தக் கோடுகளுக்குள் வைத்து, நகர்த்தி, மறுபடி வைத்துப் பார்க்கப்பட்டன. கடலுக்கு அப்பால் கப்பல் உருவாகும்போதே இங்கே வீடு தயாரானது. பளிங்குக் குளியலறையும் அன்ன வடிவத் தங்கமுலாம் குழாய்களும் பலரும் வியந்து பேசுபவை. ஆனால் வியப்புக்குரியது அந்தத் திட்டமிடல்தான்.

காரணம், கப்பலில் எந்தப் பொருளும் அலங்காரம் மட்டுமல்ல, அது எடையும்கூட. மேல்தளத்தில் பளிங்கு ஏறினால் புவியீர்ப்பு மையமும் மேலே ஏறும். கப்பல் சாய்ந்தால் நிமிரத் தயங்கும். இதை அறியச் சாய்வுச் சோதனை செய்வார்கள். அசையாத நீரில் கட்டுக்கயிறுகளைத் தளர்த்தி, எடை தெரிந்த பாளங்களைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். உள்ளே நீண்ட நூலில் தொங்கும் தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால், மையம் எங்கே நிற்கிறது என்று கணக்குச் சொல்லும். அறைச் சுவர்ப் பலகைகளையும் வீட்டில் அறைவதுபோல் இறுக அறைய முடியாது. அலையில் கப்பலின் உடல் நெளியும்; இடம்விட்டுப் பொருத்தாத பலகை முனகும், பிளக்கும். மேசை விளிம்புக்குச் சட்டம், அலமாரிக்குத் தாழ், கனமான சாமானுக்குத் தரைப்பூட்டு என ஒவ்வொன்றும் புயல்நாளை எண்ணிச் செய்யப்பட வேண்டும். தளத்துக்குத் தேக்கு விரித்து, இடுக்குகளில் கலப்பத்து அடித்துத் தார் ஊற்றுவது பழைய மரக்கலக் கைவேலை. டீசல் கப்பலிலும் அது மாறவில்லை.

வெள்ளோட்டத்தில் வேகம், திரும்பும் வட்டம், பின்னோக்கிய ஓட்டம், சுக்கான், நங்கூரப்பொறி எல்லாம் சோதிக்கப்படும். குறைகளைப் பட்டியலிட்டுத் தளத்தார் சரிசெய்தபின் கையொப்பம், கொடிமாற்றம். அதற்குள் கேப்டனும் தலைமைப் பொறியாளரும் பணியில் சேர்ந்திருப்பது வழக்கம். குழாய் எந்தப் பலகைக்குப் பின்னால் ஓடுகிறது என்பதைப் பலகை மூடுமுன் பார்த்தவர்களே பின்னாளில் அதைப் பழுதுபார்க்க முடியும்.

வரிச்சட்டத்தை எந்தத் தச்சராலும் சரிசெய்ய முடியவில்லை. 1931இல் ஹாம்பர்க்கின் ப்ளோம் அண்ட் ஃபோஸ் தளம் எமிலி ரோப்ளிங் காட்வலடருக்காக, நீராவிச் சுழலியில் ஓடும் ‘சவரோனா’வை முடித்தது. இறக்குமதி வரிக்கு அஞ்சி அது அமெரிக்கக் கரைக்கே போகவில்லை. 1938இல் துருக்கி அரசு அதைக் குடியரசுத் தலைவர் அட்டாடுர்க்குக்காக வாங்கியது. நோயுற்றிருந்த அவர் அதில் தங்கியது ஏறத்தாழ ஆறு வாரங்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆயத்தப் பணி தலைகீழாக நடந்தது. அலங்காரம் கழற்றப்பட்டது, பீரங்கி ஏறியது. ‘ஓரியன்’ அமெரிக்கக் கடற்படையில் ‘விக்ஸன்’ ஆனது, ‘ஹைடா’ ‘ஆர்கஸ்’ ஆனது. ‘பிளைமத்’ எனப் பெயர்மாறிய ‘ஆல்வா’வை 1943 ஆகஸ்ட் 5 அன்று வட கரோலினாவுக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கி யு-566 மூழ்கடித்தது. ‘சீ கிளவுட்’ என்ற பெயரை ஏற்றிருந்த ‘ஹுஸ்ஸார்’, பாய்மரங்கள் அகற்றப்பட்டு அட்லாண்டிக்கில் வானிலைக் கப்பலாக நின்றது. பல கைகள் மாறிய அதை ஹாம்பர்க் முதலீட்டாளர்கள் வாங்கிப் புதுப்பித்தனர்; 1979 முதல் அது பயணிகளை ஏற்றிச் செல்கிறது. ஹட்டனும் போஸ்டும் தங்கிய இரண்டு அறைகளும் அதில் முதல் இரண்டு எண்களோடு வாடகைக்குக் கிடைக்கின்றன.