எத்தனை நிமிஷம்ப்பா?

சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 370/155 கணினி வந்தது 1973-ல். சில ஆண்டுகள் கழித்து அது இருந்த அறையின் சன்னல் முன் அட்டைக்கட்டோடு நின்றவர்களில் நானும் ஒருவன். கணினியை நாங்கள் தொட்டதில்லை. ஃபோர்ட்ரான் நிரலை வரிக்கு ஓர் அட்டையாகக் குத்தி, கட்டின் மேல்விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்போம். கோடு எதற்கென்று, மாடிப்படியில் கட்டைத் தவறவிட்ட அன்றுதான் புரிந்தது. அட்டைகளைப் பொறுக்கி, கோடு பழையபடி சேரும்வரை அடுக்கினால் வரிசை திரும்பிவிடும்.

கட்டை வாங்கும் ஆபரேட்டர் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை நிமிஷம்ப்பா போட்டிருக்க?”

முதல் அட்டைக்கு ஜாப் அட்டை என்று பெயர். இரண்டு சாய்கோடுகளில் தொடங்கி, வேலையின் பெயர், கணக்கு எண், வேண்டிய நேரம் என்று போகும். நேரத்தைக் குறைத்துப் போட்டால் வேலை பாதியில் வெட்டுப்படும். அச்சுத்தாளில் 322 என்ற எண் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கூட்டிப் போட்டால் கட்டு இரவு ஷிப்டுக்கு ஒதுங்கும்.

வேலைகள் காத்து நிற்கும் இந்த வரிசை சிக்கனத்துக்குப் பிறந்த பிள்ளை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர்கள் கணினியை மணிக்கணக்கில் முன்பதிவு செய்து தாங்களே இயக்கினார்கள். ஒருவர் தன் டேப்பைக் கழற்றி அடுத்தவர் மாட்டும்வரை லட்சக்கணக்கான டாலர் இயந்திரம் சும்மா நிற்கும். 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து ஐபிஎம் 704-க்கு எழுதிய நிரல், ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானே எடுத்துக்கொண்டது. 1960-களில் ஹூஸ்டன் நாசா மையத்தில் ஐபிஎம்காரர்கள் எழுதிய ஹாஸ்ப், வேலைகளை முதலில் வட்டில் ஏற்றிவைத்து முன்னுரிமைப்படி அனுப்பியது. அதன் வாரிசான ஜெஸ்2 மெயின்பிரேம்களில் இன்றும் ஓடுகிறது.

சன்னல் விசைப்பலகைக்கு வந்தது 1980-களில். நாசாவின் ஏம்ஸ் மையத்துக்காக உருவான என்.க்யூ.எஸ். என்ற வரிசை நிரலில் சில கட்டளைகள் இருந்தன. க்யூசப் என்றால் கட்டைக் கொடுப்பது. க்யூஸ்டாட் என்றால் “சார், என் கட்டு எங்கே?” என்று எட்டிப் பார்ப்பது. க்யூடெல் என்றால் வேண்டாமென்று திரும்ப வாங்கிக்கொள்வது. அதே ஏம்ஸில் 1991-ல் தொடங்கிய பி.பி.எஸ். இந்தப் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டது. 1994-ல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளை ஈதர்நெட்டால் இணைத்து ‘பியோவுல்ஃப்’ என்றார்கள். லினக்ஸ் கிளஸ்டர்கள் பெருகின. 2002-ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து ஸ்லர்ம் வந்தது. எஸ்பேட்ச், எஸ்க்யூ, எஸ்கேன்சல் என்று எழுத்துதான் மாறியது. செய்கை அதே மூன்று.

ஆபரேட்டரின் கேள்வியும் போகவில்லை. அதற்கு இன்னும் கூர்மையான காரணம் 1995-ல் கிடைத்தது. ஆர்கான் ஆய்வகத்தில் டேவிட் லிஃப்கா எழுதிய ‘ஈஸி’ என்ற நிரல், வரிசையின் நடுவே இடம் கண்டுபிடிக்கும் வித்தையைக் கொண்டுவந்தது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டார் இருபது பேரும் சேர்ந்துதான் உட்காருவார்கள். எட்டு இலைதான் காலி. மற்ற இலைகள் காலியாக அரை மணி ஆகும். அதற்குள் தனியாக வந்த பையனைப் பார்த்து, “கால் மணியில் எழுந்துடுவியா?” என்று கேட்டு உட்காரவைப்பார் பந்தி விசாரிப்பவர். சம்பந்திக்குத் தாமதமில்லை, இலையும் வீணில்லை. ஆனால் பையன் சொல்லும் நேரம் நம்பும்படி இருக்க வேண்டும்.

பணியின் கடைசி ஆண்டுகளில் ஓர் ஆய்வகத்தின் கிளஸ்டரை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு மாணவி வந்து, “சார், ரெண்டு நாளா என் ஜாப் பி.டி.யிலேயே நிக்குது” என்றார். பி.டி. என்றால் காத்திருக்கிறது என்று பொருள். எஸ்க்யூ அடித்துப் பார்த்தேன். கேட்டிருந்த நேரம் 7 நாள்.

“போன தடவை எவ்வளவு நேரம் ஓடிச்சும்மா?”

“நாப்பது நிமிஷம் சார். எதுக்கும் இருக்கட்டும்னு கூடப் போட்டேன்.”

காத்திருக்கும் வேலையின் நேரத்தைக் குறைக்க எவர் அனுமதியும் தேவையில்லை. எஸ்கண்ட்ரோல் அப்டேட், வேலை எண், நேர வரம்பு 1 மணி என்று அவரையே அடிக்கச் சொன்னேன். நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள் பி.டி. போய், ஓடுகிறது என்னும் ஆர். வந்திருந்தது. பெரிய வேலை ஒன்றுக்காகக் காலியாக நின்ற கணினிகளில் அவருடையது நுழைந்துவிட்டது.

கிளஸ்டரில் வேலை போடுகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: முதலில் சிறிய அளவில் ஓட்டி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து முழு வேலைக்குக் கணக்குப் போட்டு, மேலே கால் பங்கு சேர்த்து எழுதுங்கள். சன்னலில் இப்போது ஆள் இல்லை. கேள்விக்குப் பதில் மட்டும் சரியாக வேண்டும்.