சரிவில் கட்டிய லயங்கள்: மாத்தளையிலிருந்து ஒரு வரலாறு

மண்சரிவு என்றதும் மழையைத்தான் குற்றம் சொல்கிறோம். மழை பெய்தது, மலை இறங்கியது, வீடு போனது. சரி, அந்த வீடு ஏன் அந்த இடத்தில் இருந்தது? மாத்தளையில் இதற்குப் பதில் தேடினால் கிட்டத்தட்ட 200 வருசம் பின்னால் போக வேண்டியிருக்கு.

தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள்ளே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். பிழைத்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளைதான்.

அந்த மலை அப்போது கைமாறிக்கொண்டிருந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்கே சொந்தம் என்று 1840 இல் பிரித்தானியர் சட்டம் போட்டார்கள். காட்டை விற்றார்கள், வெட்டினார்கள், கோப்பி நட்டார்கள். சிங்களக் கிராமத்தவர்களும் இதில் இழந்தார்கள். புதிய வரிகளும் சேர்ந்துகொள்ள, 1848 இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை, கொக்கோ, இறப்பர் என்று பயிர் மாறியது. லயம் மாறவில்லை. பயிருக்கு நல்ல நிலம் பயிருக்கு, மிச்சம் மீதி ஆளுக்கு. சரிவின் அடியிலோ ஓடை ஓரத்திலோ பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகக் கட்டிவிட்டார்கள். எங்கே குடியிருப்பது என்று அங்கே குடியிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகாவது கேட்டார்களா? 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992 இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இவ்வளவு கைமாறியும் லயத்துக்கு உறுதி வரவில்லை. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு இருந்ததால், தோட்டத்துக்குள்ளே ஒரு பாதையோ வடிகானோ போட பிரதேச சபையால் தன் காசைச் செலவழிக்க முடியவில்லை. அதைத் திருத்த 2018 வரை ஆனது. ஊர்ச் சபைக்கு வாக்குப் போடலாம், ஊர்ச் சபையின் மண்வெட்டி மட்டும் எங்கள் லயத்துக்கு வராது!

இந்த இடத்தில்தான் இரண்டு பெரிய சொற்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அனர்த்த அபாயக் குறைப்பு. மற்றது, காலநிலை மாற்றத்துக்கு இசைவாதல். சுனாமிக்குப் பிறகு 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அதற்கென ஒரு நிலையமும் வந்தன. காலநிலை விசயத்தைச் சுற்றாடல் அமைச்சின் செயலகம் பார்க்கிறது. மண்சரிவு வரைபடத்தையும் எச்சரிக்கையையும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தருகிறது. மாத்தளையும் அந்த வரைபடத்துக்குள் இருக்கும் மாவட்டம்தான். ஆனால் லயம் நிற்கும் நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில். அபாயம் ஒரு கந்தோரில், காலநிலை இன்னொரு கந்தோரில், காணி வேறொருத்தரிடம்.

இப்படிப் பிரிந்து கிடப்பதன் விலை மீரியபெத்தையில் தெரிந்தது. பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று அதற்குப் பல வருசம் முன்பே சொல்லியிருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் காலம் தள்ளிய பிறகுதான் புது வீடுகளுக்குப் போனார்கள்.

24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் ஆபத்தான சரிவிலிருந்து வெளியேற வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள கணக்கு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டின் பல இடங்களில் அதைப் போல இருமடங்குக்கு மேல் பெய்தது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. கடல் சூடாகச் சூடாக இப்படிக் கொட்டும் மழை கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் பாடசாலையில் படுத்துவிட்டு, மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்புவதை நிவாரணம் என்று சொல்லலாம். இசைவாதல் என்று சொல்ல முடியாது.

இசைவாக வேண்டுமென்றால் இடம் மாற உரிமை வேண்டும். 2023 இல் மலையகத்தின் 200 வருசத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியில் ஒரு நடைபயணம் போனது. காணியுரிமை அதன் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. பயணம் ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்தது. அதே மாதம், அதே மாவட்டத்தில், எல்கடுவைப் பக்கம் ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. பயணம் முடிந்த கையோடு பதில் வந்த மாதிரி இருந்தது.

ஆகவே இது வானிலை பற்றிய பிரச்சினை மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. மண்சரிவு வரைபடத்தையும் காணி வரைபடத்தையும் ஒரே மேசையில் விரிக்க வேண்டும். சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் லயங்களுக்கு முதலிடம் கொடுத்து, பாதுகாப்பான நிலத்தில் வீட்டையும் உறுதியையும் ஒன்றாகத் தர வேண்டும். அதுவரைக்கும் மழைக்கு முன்னாலேயே கான் வெட்டித் துப்புரவாக்குவது யார் பொறுப்பு என்று எழுத்தில் வேண்டும். புது இடம் எங்கே என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அங்கே போய் இருக்கப்போகிற பெண்களும் உட்கார வேண்டும். 7 பேர்ச் காணி என்று அரசாங்கமே முன்பு ஒத்துக்கொண்ட கணக்கு ஒன்று இருக்கு. அங்கிருந்தே தொடங்கலாம்.

மாத்தளையிலோ வேறு எந்த மலையிலோ நீங்கள் இருந்தால், இரண்டு விசயத்தை விசாரித்துப் பாருங்க. உங்கள் லயம் அந்த வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கு? அந்த நிலத்தின் உறுதி யார் பெயரில் இருக்கு? இரண்டு பதிலையும் ஒரே தாளில் எழுதி, அடுத்த மழைக்கு முன்னாடி பிரதேச செயலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்க.