சிலம்பேந்திய கை

கண்டி மாநகரின் எசல பெரஹராவைக் கண்டோர் அதன் வரிசையை அறிவர். தலதா மாளிகையின் ஊர்வலம் முன்செல்ல, நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் பின்தொடரும். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்திலேதான் புத்தரின் தந்ததாது இவ்விழாவில் முதலிடம் பெற்றது. நான்காவதாக வரும் பத்தினி ஊர்வலத்திற் பெண்கள் ஆடிவருதல் தனிச்சிறப்பு. இப்பத்தினி சிலப்பதிகாரத்துக் கண்ணகியே. செங்குட்டுவன் அவளுக்குக் கோயிலெடுத்தபோது இலங்கைக் கயவாகு வேந்தனும் உடனிருந்தான் என அக்காப்பியம் கூறும்.

நோய் தீரவும் மழை பொழியவும் மகவு பிழைக்கவும் சிங்கள மக்கள் அவளை வேண்டுகின்றனர். மட்டக்களப்புத் தமிழரோ வைகாசியிற் குளிர்த்திச் சடங்கு செய்து அவள் சினத்தை ஆற்றுகின்றனர். இருமொழி மக்களையும் ஒரு தெய்வத்தின்முன் நிறுத்திய இம்மரபின் பெருமையை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும், அரசவையில் வழக்குரைத்த பெண் அருள்பொழியும் தாயாக மாறியபோது, அவள் கேட்ட கேள்வி தூபப் புகையில் மறைந்துபோயிற்று.

அக்கேள்வியை மீட்டுத் தந்தது தற்காலச் சிற்பம் ஒன்று. 1968 சனவரியில், அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்த காலத்தில், சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையிற் சிலைகள் பல நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று கண்ணகி சிலை. கருவறையும் பூசையும் இன்றி, விரிந்த கூந்தலும் கையிலே சிலம்புமாக அவள் பொதுவெளியில் நிற்கிறாள். கற்பின் சின்னமாக அவளைப் போற்றினோர் பலர். நாம் அங்குக் காண்பது நீதி கேட்கும் வழக்காளியை. 2001 டிசம்பரில் அச்சிலை அகற்றப்பட்டது. ஆட்சி மாறியபின் 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பட்டது. அரசு நிறுவும் சிலைக்கு அரசே காவலென்று எவரும் நம்பியிருத்தல் இயலாது.

அவள் ஏந்திய சிலம்பு ஒரு சான்று. பாண்டியன் ஆராயாது கோவலனைக் கொல்வித்தான். கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப்பரல் இருக்க, கண்ணகி உடைத்த சிலம்பினின்றும் மாணிக்கப்பரல் தெறித்தது. சான்று கண்ட மன்னன் தன் பிழையுணர்ந்து உயிர்நீத்தான்.

கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழும் மக்களுக்கு இது வெறும் பழங்கதையா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறைகளிற் பிறந்து, பதிவுப் பத்திரம் இல்லாதிருந்தோர் எதனைக் காட்டுவர்? கோப்பியும் தேயிலையும் நட்ட கையைச் சட்டம் சான்றாக ஏற்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு வழிதிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். இடையிற் கழிந்தவை 55 ஆண்டுகள். எந்த மன்னனும் அதற்காக உயிர்நீத்தானில்லை.

பத்தினி தேவாலயத்தின் விளக்கு என்றும் எரியட்டும். அதனோடு, கொழுந்துக் கூடை சுமந்து, கையிற் சான்றேந்தி நிற்கும் கண்ணகி ஒருத்தியையும் மலையகச் சிற்பிகள் வடிப்பார்களாக. அவளை மக்களே நிறுவட்டும், மக்களே காக்கட்டும்.