நடுவர் தீர்ப்பும் கழகத்தின் முறையீடும்: கால்பந்தில் ஒரு மரபு வளர்ந்த வரலாறு

முன்னுரை

நடுவரின் தீர்ப்பால் தனக்கு அநீதி நேர்ந்தது என்று ஒருமுறையாவது சொல்லாத கால்பந்துக் கழகத்தைக் காண்பது அரிது. அந்தக் குறையை எங்கே, எப்போது, யாரிடம், எந்தச் சான்றோடு சொல்வது என்பதில்தான் கழகங்கள் வேறுபடுகின்றன. இந்தக் கேள்விக்கான விடை ஒரே நாளில் எழுதப்பட்டதன்று. நூற்று அறுபது ஆண்டுகளாக, பல சச்சரவுகளின் வழியே அது உருவாகி வந்திருக்கிறது.

இங்கிலாந்து, ஜெர்மனி, இந்தியா ஆகிய நாடுகளின் நிகழ்வுகளை முதன்மையாகக் கொண்டு அந்த வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வுகளில், ஆட்டத்தை விட்டு வெளியேறிய எந்தக் கழகமும் தான் கேட்டதைப் பெறவில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டு, விதி காட்டிய வழியில் சான்றோடு முறையிட்டவர்களோ, வழக்கில் தோற்றபோதும் ஆட்டத்தின் நடைமுறை மாறக் காரணமாக இருந்திருக்கிறார்கள். இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. தலைவர்களிடமிருந்து நடுவருக்கு

1863-இல் லண்டனில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தோன்றியபோது எழுதப்பட்ட விதிகளில் நடுவருக்கு இடமே இல்லை. சச்சரவு எழுந்தால் இரு அணித் தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. பின்னர் ஒவ்வொரு அணியும் தன் சார்பில் ஒரு கண்காணிப்பாளரை நிறுத்தியது. வீரர்கள் அவரிடம் முறையிடுவார்கள். இரு கண்காணிப்பாளர்களும் உடன்படாவிட்டால், கோட்டுக்கு வெளியே நின்ற நடுவர் முடிவு சொல்வார். அன்று முறையீடு ஆட்டத்தின் உள்ளேயே ஓர் அங்கமாக இருந்தது.

போட்டிகளில் பணமும் பரிசும் சேர்ந்ததும் இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. 1891-இல் நடுவர் மைதானத்துக்குள் வந்தார். கண்காணிப்பாளர்கள் கோட்டு நடுவர்களானார்கள். பெனால்டி உதை அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். தீர்ப்பு ஒருவர் கைக்கு மாறியபோது முறையீடு மைதானத்தை விட்டு வெளியேறிச் சங்க அலுவலகத்துக்குச் சென்றது.

இன்றைய ஐந்தாம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஆட்டத்தோடு தொடர்புடைய உண்மைகள் குறித்து நடுவர் எடுக்கும் முடிவு இறுதியானது, கோல் விழுந்ததா இல்லையா என்பதும் ஆட்டத்தின் முடிவும் அதில் அடக்கம். நடுவர் தவறு செய்யமாட்டார் என்று இவ்விதி சொல்லவில்லை. வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் நடக்கும் ஆட்டங்களின் முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் எந்தப் புள்ளிப்பட்டியலும் நிலைக்காது. ஆகவே தவறின் சுமையை ஓர் எல்லைவரை எல்லாரும் சேர்ந்து தாங்குவது என்ற உடன்பாடே இந்த விதி.

2. கண்ணின் பிழையும் விதியின் பிழையும்

அந்த எல்லை எது என்பதில்தான் பெரிய வழக்குகள் எழுந்தன. பந்து கோட்டைத் தாண்டியதா, கை பட்டதா என்று நடுவர் தவறாகக் காண்பது ஒரு வகை. சரியாகக் கண்டும் விதியைத் தவறாகச் செயல்படுத்துவது இன்னொரு வகை. முதல் வகையில் பொதுவாக ஆட்டத்தின் முடிவு மாறாது. இரண்டாவதில் மறு ஆட்டத்துக்கு வழியுண்டு.

இரண்டாம் வகைக்கு ஒரு சான்று 2005-இல் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. செப்டம்பர் 3 அன்று தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனை 1-0 என வென்றது. அந்த ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தான் ஒரு பெனால்டியைக் கோலாக்கியது. ஆனால் உதைக்கு முன்பே அதன் வீரர் ஒருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார். விதிப்படி உதையைத் திரும்ப எடுக்க வைத்திருக்க வேண்டும். ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார். உஸ்பெகிஸ்தான் முறையிட்டு, 3-0 வெற்றி தரும்படி கேட்டது. ஃபிஃபா விதிப்பிழையை ஏற்றது. ஆனால் ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி ஆட வைத்தது. மறு ஆட்டம் 1-1, அடுத்த ஆட்டம் 0-0. வெளிமைதானக் கோலின் பலனில் பஹ்ரைன் முன்னேறியது. வென்ற ஆட்டத்தின் மீது முறையிட்ட உஸ்பெகிஸ்தான், இருந்த வெற்றியையும் இழந்தது. என்ன நிவாரணம் கிடைக்கக்கூடும் என்று கணிக்காமல் முறையிடுவதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு இல்லை.

முதல் வகையில் ஜெர்மனியின் இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். 1994 ஏப்ரல் 23 அன்று பேயர்ன் மியூனிக்கின் தாமஸ் ஹெல்மர் கோலுக்கு மிக அருகிலிருந்து தட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கோட்டு நடுவர் கோல் என்று கொடி காட்ட, நடுவர் ஏற்றுக்கொண்டார். பேயர்ன் 2-1 என வென்றது. நியூரன்பெர்க் கழகத்தின் முறையீட்டை ஏற்ற ஜெர்மன் சங்கத்தின் நீதிமன்றம் மறு ஆட்டத்துக்கு உத்தரவிட்டது. அதில் நியூரன்பெர்க் 0-5 எனத் தோற்றது. பருவ முடிவில் ஃப்ரைபர்க்கோடு சம புள்ளியில் நின்று, கோல் வித்தியாசத்தில் பின்தங்கிக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

2013 அக்டோபர் 18 அன்று ஏறக்குறைய அதே பிழை. லெவர்குசனின் ஸ்டெஃபான் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து வெளியே சென்று, பக்க வலையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது. நடுவர் கோல் கொடுத்தார். லெவர்குசன் 2-1 என வென்றது. ஹோஃபன்ஹைம் கழகம் முறையிட்டது. இம்முறை சங்கத்தின் நீதிமன்றம் மறுத்துவிட்டது: அது கண்ட உண்மை பற்றிய முடிவு, ஆகவே இறுதியானது.

தீர்ப்போடு விஷயம் முடிந்துவிடவில்லை. கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2014 மார்ச்சில் கழகங்களின் வாக்கெடுப்பில் அது தோற்றது. அந்த மே மாதம் ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் டார்ட்மண்டின் மாட்ஸ் ஹும்மல்ஸ் அடித்த பந்து கோட்டைத் தாண்டியும் கோல் தரப்படவில்லை. அதனால் பயனடைந்த பேயர்ன் கழகமே மறு வாக்கெடுப்புக்கு முன்முயற்சி எடுத்தது. டிசம்பரில் 18 கழகங்களில் 15 ஆதரித்தன. 2015-16 பருவத்தில் தொழில்நுட்பம் வந்தது. பிழையால் லாபமடைந்த கழகமே அதைத் திருத்த முன்வந்தது இந்த வரலாற்றில் நாம் பெருமையோடு குறிக்க வேண்டிய செயல்.

3. தண்டனையும் இயற்கை நீதியும்

ஆட்டத்தின் முடிவைப் போலன்றி, தண்டனையை எதிர்த்து முறையிட வழி மெல்ல மெல்ல அகன்றது. இங்கிலாந்தில் எண்டர்பி டவுன் என்ற சிறு கழகம், தனக்கு விதிக்கப்பட்ட அபராதத்துக்கு எதிரான மேல்முறையீட்டில் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள உரிமை கேட்டு நீதிமன்றம் சென்றது. 1971-இல் லார்ட் டெனிங் தலைமையிலான அமர்வு அந்தக் கோரிக்கையை மறுத்தது. ஆயினும் இயற்கை நீதிக்கு முரணாகச் சங்கம் நடந்தால் நீதிமன்றம் தலையிடும் என்பதை அத்தீர்ப்பு உறுதிசெய்தது. 1984-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அமைந்தது. அதன் அமர்வுகளும் ஒழுங்கு நடவடிக்கைகளை விரிவாக ஆராய்கின்றன. மைதானத்தில் எடுத்த முடிவை, தீய உள்நோக்கம் நிரூபணமானாலன்றி, தொடுவதில்லை.

இந்த வழி இருமுனைக் கத்தி. 2014 மார்ச் 22 அன்று செல்சியுடனான ஆட்டத்தில் ஆர்சனலின் ஆக்ஸ்லேட்-சேம்பர்லெயின் கையால் பந்தைத் தடுத்தார். நடுவர் சிவப்பு அட்டை காட்டியதோ கீரன் கிப்ஸுக்கு. கழகம் முறையிட்டது, கிப்ஸின் தண்டனை நீங்கியது. ஆனால் 2010-இல் ரியோ ஃபெர்டினாண்டுக்கு விதித்த மூன்று ஆட்டத் தடையை எதிர்த்த முறையீடு அடிப்படையற்றது என்று கண்ட குழு, அதை நான்காக்கியது.

லூயிஸ் சுவாரஸ் வழக்கு இன்னும் ஆழமான பாடம். எதிரணி வீரர் எவ்ராவை இனரீதியாக இழிவுபடுத்தியதாக 2011 டிசம்பரில் அவருக்கு எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. மறுநாளே லிவர்பூல் வீரர்கள் அவர் படம் பொறித்த சட்டையணிந்து பயிற்சிக்கு இறங்கினார்கள். 115 பக்கத் தீர்ப்புரை டிசம்பர் 31 அன்றுதான் வெளிவந்தது. அதைப் படித்தபின் கழகம் மேல்முறையீடு செய்யவில்லை. பிப்ரவரியில் எவ்ராவின் கையைச் சுவாரஸ் குலுக்க மறுத்ததைத் தொடர்ந்து அவரும் மேலாளர் டல்கிளிஷும் மன்னிப்புக் கேட்டார்கள். காரணங்களைப் படிக்கும் முன் எடுத்த நிலைப்பாடு, பாதிக்கப்பட்டவரை மேலும் காயப்படுத்தியது.

4. மைதானத்தை விட்டு வெளியேறியவர்கள்: இந்திய அனுபவம்

இந்தியாவில் நடுவர் தீர்ப்பு குறித்த சினம் உயிர்களையே பறித்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸில் நடந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் இரு வீரர்கள் மோதிக்கொள்ள, இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். பார்வையாளர் பகுதியில் கலவரமும் நெரிசலும் மூண்டு 16 பேர் இறந்தார்கள். கழகத்தின் நடத்தையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த நாளை மறக்கலாகாது. வீரர்களும் நிர்வாகிகளும் காட்டும் சினம் படிக்கட்டுகளில் பல மடங்காகிறது.

அதே இரு கழகங்கள் 2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் அரங்கில் ஐ-லீக் ஆட்டத்தில் மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0 என முன்னணியில் இருக்க, மோகன் பகானின் ஒடாஃபா ஒகோலி சிவப்பு அட்டை பெற்றார். கூட்டத்திலிருந்து பறந்துவந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபியின் முகத்தில் பட்டது. அவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்க மறுத்தது. வீரர்களின் பாதுகாப்பு என்ற அவர்கள் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனாலும் போட்டி விதி வெளியேறலை ஏற்கவில்லை. இரண்டு ஆண்டுத் தடை வந்தது. 2013 ஜனவரியில் தடை நீக்கப்பட்டு, 2 கோடி ரூபாய் அபராதமும் அதுவரை ஈட்டிய புள்ளிகள் அனைத்தின் இழப்பும் அதற்கு மாற்றாக விதிக்கப்பட்டன.

பத்து ஆண்டுகளுக்குப் பின் கேரளா பிளாஸ்டர்ஸ். 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கம், ஐ.எஸ்.எல். பிளேஆஃப். தொண்ணூறு நிமிடம் கோலின்றி முடிந்து கூடுதல் நேரம் நடந்தது. 96-ஆம் நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் தடுப்புச் சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். விசிலுக்குக் காத்திராமல் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பினார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் வீரர்களை வெளியே அழைத்தார், அணி திரும்பவில்லை.

இங்கே இரு தரப்புக்கும் வாதமுண்டு. விரைவு ஃப்ரீ கிக்கை விதி அனுமதிக்கிறது. ஆனால் நடுவர் தலையிட்டுச் சுவரைப் பின்னுக்கு நகர்த்தத் தொடங்கிவிட்டால், விசிலுக்குக் காத்திருப்பதே நடைமுறை. அப்படித் தொடங்கினாரா என்பதுதான் வழக்கு. ஆட்டத்தைத் தொடர்ந்திருந்தால் பிளாஸ்டர்ஸுக்குச் சமன்செய்ய இருபது நிமிடத்துக்கும் மேல் இருந்தது; முறையீடும் கையில் இருந்திருக்கும். வெளியேறியதும் பேச்சு கோலைவிட்டு வெளியேற்றத்துக்குத் திரும்பிவிட்டது. மறு ஆட்டக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மார்ச் இறுதியில் கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதமும் பத்து ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. பொது மன்னிப்புக் கேட்காவிட்டால் அபராதம் முறையே 6 கோடியாகவும் 10 லட்சமாகவும் உயரும். இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். மேல்முறையீடும் ஜூனில் தள்ளுபடியானது.

5. பதிவுகளின் காலம்

2018-இல் காணொளி உதவி நடுவர் முறை விதிநூலில் இடம்பெற்றது. அது சச்சரவைத் தீர்க்கும் என்று நம்பியவர்களுக்கு 2023 செப்டம்பர் 30 அதிர்ச்சி தந்தது. டாட்டன்ஹாமுக்கு எதிராக லூயிஸ் டியாஸ் அடித்த முறையான கோலை, காணொளி நடுவர்களின் தகவல் குழப்பத்தால் லிவர்பூல் இழந்தது. பத்துப் பேரோடும் பிறகு ஒன்பது பேரோடும் ஆடி ஆட்டத்தை முடித்த லிவர்பூல், 1-2 எனத் தோற்றபின் கடுமையான அறிக்கை வெளியிட்டு, உரையாடல் ஒலிப்பதிவைக் கேட்டது. மூன்றே நாளில் பதிவு பொதுவெளிக்கு வந்தது. பிழை எப்படி நேர்ந்தது என்பதை எல்லாரும் காதால் கேட்க முடிந்தது. ஆட்ட முடிவு மாறவில்லை. ஆனால் நடுவர் அமைப்பு தன் தகவல் பரிமாற்ற முறையைத் திருத்த வேண்டியதாயிற்று.

2024 ஏப்ரல் 21 அன்று எவர்ட்டனிடம் தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், மூன்று பெனால்டிகள் மறுக்கப்பட்டதாகக் கொதித்தது. ஆட்டம் முடிந்ததுமே, காணொளி நடுவர் புள்ளிப்பட்டியலில் தன் போட்டிக் கழகமான லூட்டனின் ரசிகர் என்று சமூக ஊடகத்தில் எழுதியது. பெனால்டிகள் பற்றிய வாதம் அத்தோடு மறைந்தது. நடுவரின் நேர்மை பற்றிய குற்றச்சாட்டே நின்றது. விளைவு 7,50,000 பவுண்டு அபராதம்.

இந்தப் பாதையின் எல்லை துருக்கியில் தெரிந்தது. 2023 டிசம்பர் 11 அன்று அங்காராகுஜு கழகத்தின் தலைவர் ஃபாருக் கோஜா களத்துக்குள் புகுந்து நடுவர் ஹலில் உமுத் மெலெரின் முகத்தில் குத்தினார். நாட்டின் லீக் ஆட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. கோஜாவுக்கு வாழ்நாள் தடை வந்தது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து கழகங்களுக்கு நான்கு கடமைகளை வகுக்கலாம். முதலாவது, உயிருக்கு ஆபத்து இல்லாதவரை ஆட்டத்தை முடிப்பது. ஆபத்து இருந்தால் நிறுத்தும் முடிவை நடுவரிடமே எழுத்தில் கோருவது. இரண்டாவது, நேர்ந்தது கண்ணின் பிழையா, விதியின் பிழையா, தண்டனையின் மிகையா என்று அன்றிரவே பிரித்துப் பார்த்து, அதற்குரிய நிவாரணத்தை மட்டும் காலக்கெடுவுக்குள் கேட்பது. மூன்றாவது, முடிவை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் நடுவரின் நேர்மையைச் சான்றின்றித் தொடாதிருப்பது. நான்காவது, அடுத்த முறை எவருக்கும் நேராதபடி விதியைத் திருத்த, பயன்பெற்ற ஆட்டத்திலும் குரல் கொடுப்பது.

ஆணையங்களுக்கும் கடமை உண்டு. முறையிடு என்று சொல்பவர்கள் முறையீட்டைக் கேட்கும் அமைப்பை உயிரோடு வைத்திருக்க வேண்டும். தீர்ப்பின் காரணங்களை உடனுக்குடன் வெளியிடுவதும், நடுவரின் பிழையை ஒப்புக்கொள்வதும், இந்தியா போன்ற நாடுகளில் நடுவர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கருவிகளும் தருவதும் அதில் அடங்கும். காரணம் சொல்லாத ஆணையம் கழகங்களைச் சமூக ஊடகத்துக்கும் வெளியேறலுக்கும் தள்ளுகிறது.

ஆனாலும் ஆணையத்தின் குறை கழகத்தின் கடமையைக் குறைத்துவிடாது. வார இறுதியில் கிராமத்து மைதானத்தில் விசிலோடு தனியாக நிற்கும் இளம் நடுவருக்கு ஒலிப்பதிவும் இல்லை, காவலும் இல்லை. பெரிய கழகம் தோல்வியை ஏற்று முறையிடும் விதத்தைப் பார்த்துத்தான் அங்கே ஆடும் சிறுவர்களும் அவர்களின் பெற்றோரும் நடுவரிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பொறுப்பை உணர்ந்த கழகமே தன் நியாயத்தையும் உரக்கச் சொல்லும் தகுதியைப் பெறுகிறது.