எதை வரையாமல் விடுவது?

ஃப்ளைட் சிமுலேட்டர்ல ஒரு விமானத்தை எவ்வளவு நுணுக்கமா வரையணும், எப்போ அந்த நுணுக்கத்தைக் குறைக்கணும்? இதுக்குப் பேரு ‘லெவல் ஆஃப் டீடெய்ல்’, சுருக்கமா எல்ஓடி. இந்த எபிசோட் அதோட வரலாறு.

எங்க ஊர் திருவண்ணாமலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்தா சுதைச் சிற்பங்கள் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும். 5 கிலோமீட்டர் தள்ளிப் போனா கோபுரத்தோட வடிவம் மட்டும்தான் மிஞ்சும். அங்கிருந்து ஒரு மீட்டர் உயரச் சிற்பம் நம்ம கண்ணில் எடுக்கிற கோணம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைவிடக் குறைவு. நல்ல பார்வையோட எல்லையே கிட்டத்தட்ட அதுதான். அப்போ, அந்தத் தூரத்துக் கோபுரத்தை வரையும்போது கம்ப்யூட்டர் ஏன் சிற்பங்களைக் கணக்குப் போடணும்?

ஆரம்பத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. அப்போதைய பயிற்சி சிமுலேட்டர்களில் நிலப்பரப்பை ஒரு பெரிய பலகையில் மாதிரியாகவே கட்டி, அதன்மேல் கேமராவை நகர்த்துவார்கள். 1970களின் தொடக்கத்தில் மெக்டானல் டக்ளஸ் போன்ற நிறுவனங்கள் கம்ப்யூட்டர் காட்சியைக் கொண்டுவந்தன. ஆனால் இரவுக் காட்சி மட்டும்தான், ஏன்னா விளக்குப் புள்ளிகளை வரைவது சுலபம்.

1976-ல் ஜேம்ஸ் கிளார்க் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். பின்னாளில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான். ஒரே பொருளுக்கு எளிய வடிவம், நுணுக்கமான வடிவம்னு பல வடிவங்களை அடுக்கா வைங்க. அது திரையில் எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு பார்த்து ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. பார்வைக்கு வெளியே இருக்கிறதை மொத்தமா விட்டுடுங்க. இதுதான் அவர் சொன்னது. இதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது ஃப்ளைட் சிமுலேட்டர்கள்தான். அப்போ ஒவ்வொரு வடிவத்தையும் ஆட்கள் கையாலேயே செய்தார்கள். 1996-ல் ஹியூக்ஸ் ஹாப்பே, ஒரு மாடலைப் படிப்படியாக எளிமையாக்கும் ‘புரோகிரெசிவ் மெஷ்’ முறையை வெளியிட்டார். இன்னைக்கு அன்ரியல் எஞ்சின் 5-ன் நானைட் இந்த வேலையைத் தானாகவே செய்யுது.

சரி, பிரச்சினை தீர்ந்துடுச்சா? விளையாட்டுன்னா ஓரளவு. பயிற்சின்னா இல்லை.

சூலூர்ல இருக்கிற தேஜஸையே எடுத்துக்குவோம். இறக்கை அகலம் 8.2 மீட்டர். 1920 பிக்சல் அகலத் திரை, 60 டிகிரி பார்வைன்னு வைங்க. 100 மீட்டரில் நேருக்கு நேர் வந்தா, அகலம் சுமார் 150 பிக்சல். 10 கிலோமீட்டரில் வெறும் ஒன்றரை பிக்சல். கணக்குப்படி அதை வரையாமலே விட்டுடலாம். ஆனா நல்ல கண்ணு அந்தத் தூரத்தில் சுமார் 3 மீட்டர் அளவைப் பிரிச்சுப் பார்க்கும். நிஜ வானத்தில் விமானிக்குத் தெரியக்கூடிய விமானம் சிமுலேட்டரில் காணாமப் போயிடும். அதனாலதான் சில போர் சிமுலேட்டர்கள் தூரத்து விமானத்தை ஒரு புள்ளியாகவோ, கொஞ்சம் பெரிதாக்கியோ காட்டுகின்றன.

இதுக்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. ஒரு வடிவம் இன்னொண்ணா மாறும் நொடியில் விமானம் ‘டக்’னு துள்ளும். அந்தத் துள்ளலை வைத்தே எதிரியைக் கண்டுபிடிக்கப் பழகும் விமானிக்கு, நிஜ வானம் அந்தத் தடயத்தைத் தராது. அதனால் இரண்டு வடிவங்களையும் மெல்லக் கலந்து மாற்றுவார்கள். போகும்போது ஒரு தூரத்திலும் வரும்போது வேறொரு தூரத்திலும் மாற்றுவதும் உண்டு. அப்போ எல்லையிலேயே நிற்கும் விமானம் மினுக்காது.

வீட்டு லேப்டாப்பில் இதைச் செஞ்சு பார்க்கணுமா? 1997 முதல் வெளிவரும் ஃப்ளைட்கியர் இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கு. எந்தப் பாகம் எத்தனை மீட்டர் வரைக்கும் தெரியணும்னு நீங்களே எழுதலாம். காக்பிட் ஸ்விட்சுகளை 50 மீட்டருக்கு அப்பால் தாராளமா மறைங்க. வானத்தில் தெரியற அந்தக் கடைசிப் புள்ளியை மட்டும் அழிச்சுடாதீங்க. இன்னொரு விமானம் வருதுன்னு விமானிக்கு முதல்ல சொல்றது அதுதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.