யார் போட்ட கட்டம்? – தரவு வகைகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஒரு தொழிலாளியைப் பற்றிக் கணிப்பொறியிடம் சொல்லவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயர் ஓர் எழுத்துத் தொடர். வயது ஓர் எண். கூலி இன்னொரு எண். தனித்தனியாகக் கிடந்தால் இவை மூன்றும் ஒரே ஆளுக்கு உரியவை என்பது பொறிக்குத் தெரியாது. மூன்றையும் ஒரு கட்டாகக் கட்டி, 'தொழிலாளி' என்று பெயரும் வைத்துவிட்டால், எண்ணைப்போல, எழுத்தைப்போல அதுவும் ஒரு தரவு வகை ஆகிவிடுகிறது. பைத்தான் போன்ற ஒரு ஸ்கிரிப்ட் மொழியில் இதற்கு நாலஞ்சு வரி போதும். இதுல என்ன அரசியல் வந்து கெடக்கு என்று கேட்கலாம். எவையெவை சேர்ந்தால் 'ஒரு ஆள்' என்பதை யாரோ ஒருவர் முடிவு பண்ணியாக வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு ஒரு வரலாறு உண்டு. அது கணிப்பொறிக்கும் முந்தியது.

1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எண்ணி முடிக்க ஹெர்மன் ஹோலரித்தின் துளை அட்டைகள் பயன்பட்டன. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. வயதுக்கு ஓர் இடத்தில் துளை, பிறந்த நாட்டுக்கு ஓர் இடத்தில் துளை. நிறத்துக்கும் துளை உண்டு. வெள்ளையர், கறுப்பர், சீனர், ஜப்பானியர், அமெரிக்கப் பழங்குடி என்பதோடு நிற்கவில்லை. கறுப்பு ரத்தம் பாதியா, காலா, அரைக்காலா என்று பிரித்து மூலாட்டோ, குவாட்ரூன், ஆக்டரூன் என மூன்று கட்டங்கள். பத்தே வருஷத்தில், 1900 கணக்கெடுப்பில், இந்த மூன்றும் காணாமல்போயின. மக்களின் ரத்தம் மாறிவிடவில்லை. கட்டம் போட்டவர்கள் கட்டத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நிரல்மொழிகளுக்கு வருவோம். 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் விஞ்ஞானிகளுக்கான மொழி. ஒரே மாதிரியான எண்களை வரிசையாக அடுக்கிவைக்க அதில் வழி இருந்தது. பெயரையும் வயதையும் கூலியையும் ஒரே கட்டாகக் கட்ட வழியில்லை. விஞ்ஞானிக்கு அது அவசியப்படவுமில்லை. அலுவலகத்துக்கு அவசியப்பட்டது. கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோமேட்டிக்கை அடியொற்றி 1960இல் வந்த கோபோல் மொழியில் பதிவேடு என்கிற கருத்து மையமான இடத்தைப் பெற்றது. சம்பளப் பட்டியலும் காப்பீட்டுக் கணக்கும் வங்கிப் பேரேடும்தான் அதன் உலகம். ஆக, நிரலுக்குள் மனிதர் முதலில் நுழைந்தது சம்பளப் பட்டியலின் ஒரு வரியாகத்தான் எனலாம்.

1965இல் டோனி ஹோர் இக்கருத்தைக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார். ஒரே அமைப்பு கொண்ட பதிவுகளின் தொகுதிக்கு அவர் வைத்த பெயர் 'பதிவு வகுப்பு'. இன்று பல மொழிகளில் புழங்குகிற 'கிளாஸ்' என்ற சொல்லுக்கு இது ஒரு மூலம். நார்வேயில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் இதை உள்வாங்கி சிமுலா 67ஐ உருவாக்கினார்கள். தரவோடு அத்தரவு செய்யும் செயலும் ஒரே கட்டுக்குள் வந்தது. தொழிற்சாலையை, துறைமுகத்தைப் பாவனையாகப் பொறிக்குள் ஓட்டிப் பார்ப்பதற்கான மொழி அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையைப் பொறிக்குள் கொண்டுவருவது என்றால் யார் கண்ணால் பார்த்துக் கொண்டுவருவது? நிர்வாகத்தின் கண்ணாலா, இயந்திரத்தடியில் நிற்பவரின் கண்ணாலா? நிகார்ட் இந்தக் கேள்வியைப் பேச்சோடு விட்டுவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு – உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, தொழிலாளர்கள் கணிப்பொறி அமைப்புகளைத் தாங்களே ஆராய்ந்து பேரம்பேசுவதற்கான வேலையில் இறங்கினார். 1975இல் அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் அமைப்புக்கும் இடையே ஒப்பந்தம் வந்தது. பணியிடத்தில் கணிப்பொறி வருமுன் தகவல் பெறும் உரிமையும், இதற்கென்று தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தொழிலாளர்களுக்குக் கிடைத்தன. கட்டம் போடுகிற மொழியை உருவாக்கியவரே, கட்டத்துக்குள் போகிறவனுக்கும் பேச்சு வேண்டும் என்று நின்றார்.

ஸ்கிரிப்ட் மொழிகள் வேறு திசையிலிருந்து வந்தவை. 1977இல் ஆக், 1987இல் பெர்ல், 1991இல் பைத்தான். 'முதல்ல வகையை அறிவி, அப்புறம் பேசு' என்கிற கறார் இவற்றில் இல்லை. ஒரு பை, அதற்குள் ஒட்டுச்சீட்டும் மதிப்பும். 'கூலி' என்று சீட்டு ஒட்டி 300ஐப் போடலாம். நினைத்தால் 'ஊர்' என்று இன்னொன்று சேர்க்கலாம். 1994இல் வந்த பெர்ல் 5இல் இந்தப் பையை ஒரு வகுப்பைச் சேர்ந்ததாக மாற்றும் கட்டளையின் பெயருக்கு 'ஆசீர்வதி' என்றே பொருள்!

சுதந்திரம்தான். ஆனால் யாராவது 'கூலி'க்குப் பதில் 'கூலீ' என்று தட்டிவிட்டால் பை முணுமுணுக்காமல் புதுச் சீட்டு ஒட்டிக்கொள்ளும். பழைய கூலி பழையபடியே கிடக்கும். பையின் அமைப்பு எழுதியவர் தலைக்குள் மட்டும் இருப்பதால் அதோடு மற்றவர் சண்டைபோடவும் முடியாது. பைத்தானில் 2008இல் பெயரிட்ட தொகுதியும், 2018இல், அதன் 3.7ஆம் பதிப்பில், 'டேட்டாகிளாஸ்' என்பதும் வந்ததன் பின்னணி இதுதான். கட்டங்களின் பெயரையும் வகையையும் வரிசையாக எழுதினால் போதும். உருவாக்குவது, ஒப்பிடுவது போன்ற எடுபிடி வேலைகளை மொழியே எழுதிக்கொள்ளும். கூலி எண்தான் என்று எழுதிவைத்தாலும் எழுத்தைக் கொடுத்தால் பைத்தான் தானாகத் தடுக்காது. ஆனால் ஒன்றில் கறார்: மாற்று மதிப்பு சொல்லப்படாத கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த 'ஆள்' உருவாகவே மாட்டார். பிழைச்செய்தி வரும்.

கட்டாயக் கட்டம் என்பது சின்ன விஷயம் இல்லை. இந்தியாவில் வருமான வரியின் பான் அட்டைக்கு விண்ணப்பிக்க 2018 டிசம்பர் 5 வரை தகப்பன் பெயர் கட்டாயம். தாய் ஒருத்தியே வளர்த்த பிள்ளை எந்தப் பெயரை எழுதும்? விதி திருத்தப்பட்ட பிறகுதான் தாய் பெயர் மட்டும் போதும் என்றானது. குடும்பம் என்றால் தகப்பன் தலைமை என்கிற நம்பிக்கை, சட்டப்பிரிவாகப் பேசாமல், நிரப்பாவிட்டால் நகரவிடாத ஒரு கட்டமாக அத்தனை காலம் உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் கட்டமே வேண்டாம், எல்லாம் பையாகவே கிடக்கட்டும் என்பது விடையாகாது. பைக்குள்ளும் அனுமானங்கள் உண்டு, கண்ணுக்குத் தெரியாமல். எழுதிவைத்த வகையில் அவை வெளிப்படையாக நிற்கின்றன. வரிக்கு வரி கேள்வி கேட்கலாம். முன்பு கட்டம் போட அரசும் பெரிய கம்பெனியும் வேண்டியிருந்தது. இன்று ஒரு சிறு சங்கம்கூட நாலஞ்சு வரியில் தன் வகையை எழுதிக்கொள்ள முடியும். முதலாளியின் பதிவில் பெயர், எண், வேலைநாள், கொடுத்த கூலி இருக்கும். சங்கத்தின் பதிவில் பேசிய கூலி, கொடுத்த கூலி, கூடுதலாக வாங்கிய மணிநேரம், பட்ட காயம் இருக்கலாம். இரண்டுக்கும் பெயர் 'தொழிலாளி'தான். பேசிய கூலியும் கொடுத்த கூலியும் அடுத்தடுத்த கட்டத்தில் உட்கார்ந்தால், பாக்கி எவ்வளவு என்று கேட்க ஒரு கழித்தல் போதும்.

அப்படி எழுதும்போதும் கேள்வி நம்மை விடாது. எது கட்டாயம், எது காலியாக இருக்கலாம், பின்னால் யார் மாற்றலாம் என்பதை, அதற்குள் யார் பெயர் போகப்போகிறதோ அவர்களை உட்காரவைத்துப் பேசி முடிவுசெய்ய வேண்டும். நார்வேத் தொழிலாளர்கள் 1975இல் கேட்டுவாங்கியதும் இதைத்தான்.