பொது அவமானத் தண்டனை

பொது அவமானத் தண்டனை என்பது குற்றவாளியை ஊரார் கண்முன் நிறுத்தி, அவர்கள் பார்வையையும் பேச்சையுமே தண்டனையாக்கும் முறை. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஊர்வலம் விடுவது, கால்களைப் பூட்டும் மரச்சட்டமான தொழுமரத்தில் மாட்டுவது, மொட்டையடிப்பது, கழுத்தில் அட்டை தொங்கவிட்டுச் சந்தியில் நிறுத்துவது எல்லாம் இதன் வகைகள். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இவற்றில் ஒன்றையும் ஏற்கவில்லை. 1864-இல் தனிச்சட்டம் வழியாக வந்த கசையடியும் 1955-இல் ஒழிந்தது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ‘சமூக சேவை’யைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்த பிறகு, வெட்கத்தை நீதிமன்றம் தண்டனையாக விதிக்கலாமா என்ற பழைய கேள்வி வேறு உருவில் திரும்பியிருக்கிறது. விதிக்கக் கூடாது என்பதற்கான காரணத்தைத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே காணலாம்: இத்தண்டனையின் அளவு தீர்ப்புச் சொல்பவர் கையில் ஒருபோதும் இருந்ததில்லை.

பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். ஊர்ச்சபையின் வாரியங்களுக்குத் தகுதியற்றவர் யார் யார் என்றும் அது சொல்கிறது. குற்றத்துக்காகக் கழுதை ஏறியவர்கள், பொய் ஆவணம் எழுதியவர்களோடு சேர்த்து அதில் ஒதுக்கப்படுகிறார்கள். ஊர்வலம் சில நாழிகையில் முடிந்திருக்கும். அதன் பெயரால் வந்த தகுதியிழப்பு கல்லில் ஏறிவிட்டது. சிறைக்கு விடுதலைத் தேதி உண்டு, அபராதத்துக்கு ரசீது உண்டு. கழுதைமேல் ஏற்றுவது சபையின் கையில் இருந்தது. இறக்கிவிடும் அதிகாரம் யாரிடமும் இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. மதராஸ் மாகாணத்தின் 1816-ஆம் ஆண்டு 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், சில்லறைக் குற்றங்களைத் தண்டிக்கும் அதிகாரத்தை ஊர்த்தலைவருக்குக் கொடுத்தது. வசைமொழி, சிறு கைகலப்பு போன்றவற்றுக்கு ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் ‘கீழ்ச்சாதி’ என்றால், அவ்வளவு இழிவான தண்டனை அவர்களுக்குத் தகாததல்ல என்ற விளக்கத்தோடு, 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். அதே ஊர், அதே குற்றம், விசாரிப்பவரும் அவரே. சாவடியா தொழுமரமா என்பதைச் சாதி முடிவு செய்தது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்த பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்கும் இதுதான் சட்டம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டிச் சந்தையில் நிறுத்தும் தண்டனையைப் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு மட்டும் என்று இங்கிலாந்து நாடாளுமன்றம் சுருக்கியதும் அதே 1816-இல்தான். 1837-இல் அதையும் அங்கே அடியோடு ஒழித்தார்கள்.

பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படிப்பவருக்கு மீதி விளங்கிவிடும். செருப்பு மாலை போடுவது, ஆடை களைந்து ஊர்வலம் விடுவது, வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது, முகத்தில் சாயம் பூசுவது: ஊர் கூடி விதித்துவந்த அவமானத் தண்டனைகள் ஏறத்தாழ முழுதும் அங்கே குற்றங்களாக எழுதப்பட்டிருக்கின்றன. அவை யார்மீது விழுந்தன என்பது அச்சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 2002-இல் திருச்சி மாவட்டம் தின்னியத்தில் தலித்துகளுக்குச் சூடு வைத்து, ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்க வைத்த கொடுமையும் செய்தவர்கள் கணக்கில் ஒரு ‘தண்டனை’தான். கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை, அடியோடு ஒழிக்கப்பட வேண்டியவை என்று 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பஞ்சாயத்து செய்தால் குற்றமாகும் ஒன்று, கறுப்பு அங்கி போட்டவர் செய்தால் நீதியாகிவிடாது.

உச்ச நீதிமன்றம் இத்திசையில் முன்பே பேசியிருக்கிறது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் லச்மா தேவி வழக்கில் பொது இடத்தில் தூக்கிலிட ஆணையிட்டபோது, அது அரசியல் சாசனத்தின் 21-ஆம் உறுப்புக்கு முரணானது என்று 1985-இல் தடுத்தது. குற்றம் காட்டுமிராண்டித்தனமானது என்பதற்காகத் தண்டனையும் அப்படி இருக்க வேண்டியதில்லை என்பது அதன் நிலைப்பாடு. 2020 மார்ச்சில் லக்னோ தெருக்களில் போராட்டக்காரர்களின் படம், பெயர், முகவரியோடு அரசு வைத்த பதாகைகளை அகற்றச் சொன்ன அலகாபாத் உயர் நீதிமன்றம், அந்தரங்க உரிமையைக் காரணம் காட்டியது.

எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். சின்னத் தப்புக்குச் சிறை போய்ப் பெரிய தப்பைக் கற்று வருவதைவிட, ஒரு மணி நேரம் தலைகுனிந்து நிற்பது மேல் என்று குற்றவாளியே சொல்லக்கூடும். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் பைக் சாகசம் செய்த இளைஞரை அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் உதவவும், சிக்னலில் விழிப்புணர்வுத் துண்டுப் பிரசுரம் கொடுக்கவும் சொன்னபோது பலரும் பாராட்டினார்கள். அமெரிக்காவில் தபால் திருடிய ஒருவர் சான் பிரான்சிஸ்கோ தபால் நிலையத்தின் முன் தன் குற்றத்தைச் சொல்லும் அட்டையோடு 8 மணி நேரம் நிற்க வேண்டும் என்ற ஆணையை, 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சரியென்றது. ஆனால் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விபத்துப் பிரிவில் உடைந்த எலும்புகளைப் பார்ப்பது குற்றத்தோடு தொடர்புள்ள பாடம். அங்கே பார்வையாளர் குற்றவாளிதான். அட்டையோடு நிற்பவரிடம் பார்வையாளர் ஊர். மேலும், சென்னை ஆணை ஜாமீன் நிபந்தனை. குற்றம் நிரூபணமாகும் முன்பே சந்தியில் நின்றவர் பின்னால் விடுதலையானால், நின்ற நேரத்தை யார் திருப்பித் தருவது? அமெரிக்கச் சட்ட அறிஞர் டேன் கஹான் 1996-இல் இத்தண்டனைகளை ஆதரித்து எழுதி, பத்தாண்டு கழித்துப் பின்வாங்கினார். சமூகத்தின் எல்லாத் தரப்பும் அவற்றை ஒரே பொருளில் ஏற்பதில்லை என்பது அவர் கண்ட சிக்கல். தொழுமரத்தின் நினைவு உள்ள ஊரில் அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பெரம்பலூருக்கு அருகிலுள்ள குரும்பலூரை எடுத்துக்கொள்வோம். பேரூராட்சிதான்; முகம் தெரிந்த ஊர். நியாய சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்தவருக்கு 24 மணி நேரம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை விதிக்கலாம். முதல் தடவை 5,000 ரூபாய்க்குக் குறைவாகத் திருடிப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவருக்கும் சமூக சேவை உண்டு. சென்னை அடையாறு சிக்னலில் பிரசுரம் கொடுப்பவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. குரும்பலூர் பேருந்து நிறுத்தத்தைக் கூட்டுபவரைப் பெண் கொடுத்த மாமனார் பார்ப்பார், பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள், யாராவது செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். ஆணையில் ஒரே சொல், தண்டனை இரண்டு. கூட்டிப் பெருக்குவதையே அவமானமாக விதித்தால், அந்த வேலையைத் தினமும் செய்யும் தூய்மைப் பணியாளரின் பிழைப்பை நீதிமன்றம் என்னவென்று சொல்கிறது?

பணக்காரருக்கு அபராதம் ஒரு பொருட்டல்ல, மானம்தான் உறைக்கும் என்பார்கள். நடப்பில் தலைகீழ். வசதியுள்ளவர் ஊர் மாறிப் போகலாம், வழக்கறிஞர் வைத்து ஆணையை மாற்றலாம். தினக்கூலிக்காரர் அதே ஊரில் அதே ஆட்களிடம்தான் நாளை வேலை கேட்டு நிற்க வேண்டும். குற்றவாளியின் பெயர் தெரியவே கூடாது என்பதல்ல இதன் பொருள். திறந்த நீதிமன்றமும் வெளியாகும் தீர்ப்பும் குடிமக்களின் உரிமை. அவை நடந்ததைப் பதிவு செய்கின்றன; கூட்டத்தைக் கூட்டுவதில்லை. ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989-இல் எழுதிய நூலில் இந்தக் கோட்டைத்தான் கிழித்தார்: தப்பைக் கண்டித்து ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வெட்கம் வேறு, ஆளையே முத்திரை குத்தித் தள்ளும் வெட்கம் வேறு. முதலாவதற்குத் தெரிந்த சிலர் உட்கார்ந்து பேசும் அறை போதும்.

சமூக சேவையைப் பற்றிக் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவு விளக்கம் சொல்வது, அது சமூகத்துக்குப் பயன்படும் ஊதியமில்லாத வேலை என்பதுதான். எந்த வேலை, எங்கே, எத்தனை மணி நேரம் என்பதை நீதித்துறை நடுவர் முடிவு செய்ய வேண்டும். அவர் அந்த ஆணையில் வேலையையும் நேரத்தையும் எழுதுவதோடு, அடையாள அட்டையோ சீருடையோ படம் எடுப்பதோ கூடாது என்றும் எழுதலாம். குரும்பலூர்க்காரருக்குப் பெரம்பலூர் அரசு மருத்துவமனையின் உள்வேலையைக் கொடுக்கலாம். வேலை நடந்ததா என்று பார்க்க ஒரு வருகைப் பதிவேடு போதும்.